பம்புக்கு முன்னால் ஒரு டப்பா: மாடல் போட்டுச் சோதிக்கப் பழகுகிறவர்களுக்கு

கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளில் நிறையப் பேர் கடைசி வருட புராஜெக்டுக்கு பம்பைத்தான் பிடிப்பார்கள். ஊர் அப்படி. தெருவுக்குத் தெரு லேத்தும், ஃபவுண்டரியும், மோட்டார் காயில் கட்டுகிற கடையும் இருக்கும்போது வேறு எதைப் பிடிப்பது? அவர்களில் சிலர் என்னிடம் வந்து லேப்டாப்பைத் திறந்து காட்டுவார்கள். இம்பெல்லருக்குள், அதாவது பம்புக்குள் சுழலும் சக்கரத்துக்குள், தண்ணீர் ஓடுவது சிவப்பும் நீலமுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். "இது சரின்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "சாஃப்ட்வேர் அப்படித்தானுங்க காட்டுது" என்று பதில் வரும்.

பம்பை ஒரு வாரம் ஓரமாக வையுங்கள். பக்கத்தில், அடியை ஒட்டித் துளை போட்ட ஒரு டப்பாவிலிருந்து தண்ணீர் வடிவதைக் கணக்குப் போட்டு, பிறகு நிஜமாகவே வடியவிட்டு அளந்து பாருங்கள். மாடல் போடுவதிலும், அதாவது நிஜத்தில் நடப்பதைக் கணக்காக எழுதுவதிலும், அதைச் சோதிப்பதிலும் வருகிற வில்லங்கம் அத்தனையும் இந்தச் சின்ன டப்பாவிலேயே வந்துவிடும், ஆனால் இங்கே எதுவும் ஒளிந்துகொள்ள இடமில்லை.

கேள்வியில் ஒரு எண் இருக்கட்டும்

"டப்பாவிலிருந்து தண்ணீர் வெளியேறுவதை ஆராய்தல்" என்று நோட்டில் தலைப்புப் போட்டால் அது கேள்வி இல்லை. "துளைக்கு மேல் 20 செ.மீ. நிற்கிற தண்ணீர் 5 செ.மீ.க்கு இறங்க எத்தனை வினாடி ஆகும், 5 சதவீதப் பிழைக்குள் சொல்ல முடியுமா?" என்பது கேள்வி. அந்த 5 சதவீதம் முக்கியம். அது இல்லாவிட்டால் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் மாதக்கணக்கில் மாடலுக்கு நகை போட்டுக்கொண்டே இருப்பீர்கள்.

அடுத்தது, எதைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்று இரண்டு பட்டியல். சேர்ப்பது: புவியீர்ப்பு, தண்ணீரின் உயரம், டப்பாவின் குறுக்குப் பரப்பு, துளையின் பரப்பு. விடுவது: தண்ணீரின் பிசுக்குத்தன்மை, பரப்பு இழுவிசை, துளையின் ஓரம் எப்படி இருக்கிறது என்பது, சூடு. இந்த இரண்டாவது பட்டியலைத்தான் யாரும் எழுதுவதில்லை. பின்னால் கணக்கு உதைக்கும்போது முதலில் தேட வேண்டிய இடம் அதுதான், எனவே அதைக் கிழித்துப் போடாதீர்கள்.

அலகுகள் பற்றி ஒரு வார்த்தை, குறிப்பாக நம் ஊர்க்காரர்களுக்கு. போர்வெல் ஆழம் அடியில், குழாய் இஞ்சில், தண்ணீர் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர், மோட்டார் ஹெச்.பி.யில், கேஜ் காட்டுவது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ. தோட்டத்தில் பேசும்போது இது எந்தக் குழப்பமும் தராது, கணக்குக்குள் அப்படியே இறக்கினால் எங்கேயோ ஒரு 3.28-ம் (மீட்டருக்கு அடி) ஒரு 746-ம் (ஹெச்.பி.க்கு வாட்) காணாமல் போகும். உள்ளே போகும்போதே எல்லாவற்றையும் மீட்டர், கிலோகிராம், வினாடி என்று மாற்றிவிடுங்கள், வெளியே சொல்லும்போது வேண்டுமானால் அடிக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

முதலில் கையால்

டப்பா 15 செ.மீ. விட்டம், பக்கம் நேராக இருக்க வேண்டும். பெயின்ட் வாளி வேண்டாம், அது கீழே ஒடுங்கி வரும், பரப்பு உயரத்தோடு மாறும், அந்தத் தலைவலி இரண்டாவது வாரத்துக்கு இருக்கட்டும். துளை 5 மி.மீ.

இத்தாலிக்காரர் டாரிசெல்லி 1644-ல் வெளியிட்டது இது: துளையிலிருந்து வரும் தண்ணீரின் வேகம், அதே உயரத்திலிருந்து கீழே விழுகிற பொருள் பெறும் வேகத்துக்குச் சமம். இதிலிருந்து முழுதும் காலியாகும் நேரம் கிடைத்துவிடும்:

நேரம் = (டப்பாவின் பரப்பு ÷ துளையின் பரப்பு) × வர்க்கமூலம் (2 × உயரம் ÷ ஜி)

பரப்புகளின் விகிதம் 30-ன் வர்க்கம், அதாவது 900. உயரம் 0.2 மீட்டர். ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம், அதற்குப் பாடப்புத்தகம் 9.81 என்கும், நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் இருப்பதால் இங்கே 9.78. போட்டுப் பார்த்தால் 182 வினாடி. உயரம் கால்பங்காகக் குறைய, அதாவது 20-லிருந்து 5 செ.மீ.க்கு இறங்க, மொத்த நேரத்தில் சரிபாதி: 91 வினாடி. கால்பங்கின் வர்க்கமூலம் அரை என்பதால் வருகிற வசதி இது, நான் 5 செ.மீ.யைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். கடைசிச் சொட்டு வரை காத்திருந்தால் கடைசியில் தண்ணீர் வடியாமல் துளையை ஒட்டிக்கொண்டு சொட்டும், எப்போது முடிந்தது என்று இரண்டு பேர் இரண்டு நேரம் சொல்வார்கள்.

இப்போது அந்த 91-ஐ நோட்டில் எழுதித் தேதி போடுங்கள். கூடப் படிக்கிறவருக்கு போட்டோ எடுத்து அனுப்பிவிட்டால் இன்னும் நல்லது. அளந்த பிறகு கணக்குப் போடுகிறவர் யாராக இருந்தாலும், நானும் இதில் சேர்த்தி, கை தானாகவே விடையை நோக்கிச் சாயும்.

பிறகு கம்ப்யூட்டரில்

சூத்திரமே இருக்கும்போது புரோகிராம் எதற்கு என்றால், இந்த இடத்தில் விடை நமக்குத் தெரியும் என்பதற்காகத்தான். பைதான் போதும், அது இல்லாவிட்டால் ஆக்டேவ் அல்லது சைலேப், மூன்றுமே இலவசம். ஒவ்வொரு சின்ன நேரத்துக்கும் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கழித்துக்கொண்டே வருகிற பத்து வரி புரோகிராம்.

கால இடைவெளியை 10 வினாடி என்று வைத்து ஓட்டினால் 5 செ.மீ.யைத் தொடும் நேரம் 87.6 வினாடி என்று வரும். 5 வினாடி வைத்தால் 89.3-ஐ ஒட்டி வரும். 1 வினாடிக்கு 90.7. இடைவெளியைப் பாதியாக்கினால் பிழையும் பாதியாகிறது பாருங்கள், இந்த எளிய முறை அப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். உங்களுக்கு அப்படி வரவில்லை என்றால் இயற்பியலில் தப்பு இல்லை, புரோகிராமில் எங்கோ ஒரு வரி தப்பு. கணக்கைக் கம்ப்யூட்டர் ஒழுங்காகப் போட்டதா என்பது ஒரு கேள்வி, அந்தக் கணக்குக்கும் டப்பாவுக்கும் சம்பந்தம் உண்டா என்பது வேறு கேள்வி. முதலாவதைத் தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். பெரிய சாஃப்ட்வேரில் கணக்குக் கட்டங்களின் வலையை நெருக்கமாக்கி மறுபடி ஓட்டிப் பார்ப்பதும் இதே வேலைதான், அதற்கு இரவு முழுக்க ஆகும், இதற்கு ஒரு நொடி.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். கடைசியில் உயரம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டால், எதிர்ம எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்ட குற்றத்துக்காக, எண்ணுக்குப் பதிலாக, நம்பை (numpy) வைத்து எழுதிய பைதான் 'நான்' (nan, 'எண் இல்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். யார் தப்பு என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல இருக்கும். லூப்பை அதற்கு முன்னால் நிறுத்துங்கள்.

எதை அளக்கக் கவலைப்படுவது

டப்பாவை வெட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஒவ்வொரு அளவிலும் சின்னத் தப்பு வந்தால் விடை எவ்வளவு நகரும் என்று பாருங்கள். உயரத்தில் 1 மி.மீ. தப்பினால், 20 செ.மீ. முனையில் விடை அரை சதவீதம் நகரும், 5 செ.மீ. முனையில் ஒரு சதவீதம், அவ்வளவுதான். ஸ்டாப்வாட்சை அமுக்குவதில் 0.2 வினாடி தாமதம், 91 வினாடியில் அது ஒன்றுமே இல்லை. ஜி 9.81-ஆ 9.78-ஆ என்பது 0.15 சதவீதம், எனவே மேலே நான் பெருமையாகச் சொன்ன அந்தத் திருத்தம் இந்தச் சோதனைக்குத் தேவையே இல்லை. துளையின் விட்டத்தில் 0.1 மி.மீ. தப்பினாலோ, பரப்பில் 4 சதவீதம், விடையிலும் 4 சதவீதம். நாம் வைத்துக்கொண்ட 5 சதவீதத்தில் முக்கால்வாசிக்கு மேல் அதற்கே போய்விட்டது.

ஆகவே காசும் நேரமும் துளைக்கு. ஆணியைச் சுடவைத்துக் குத்தினால் பிளாஸ்டிக் உருகி ஓரம் வீங்கும், அது எந்த அளவு என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அதைவிட, டப்பாவின் பக்கத்தில் அடியை ஒட்டிப் பெரிதாக ஒரு ஓட்டை வெட்டிக்கொண்டு, மெல்லிய டின் தகட்டில் 5 மி.மீ. டிரில் பிட்டால் துளை போட்டு, பிசிறைத் தேய்த்து எடுத்துவிட்டு, அந்தத் தகட்டை எம்-சீல் வைத்து ஒட்டுங்கள். டிரில் பிட்டில் 5 என்று போட்டிருப்பதாலேயே துளை 5 ஆகிவிடாது. ஒட்டுவதற்கு முன் தகட்டை ஜெராக்ஸ் கடை ஸ்கேனரில் படுக்கப்போட்டு 1200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன் எடுங்கள், ஒரு பிக்சல் 0.021 மி.மீ., துளை ஏறக்குறைய 236 பிக்சல் அகலம் வரும். இமேஜ்ஜே என்கிற இலவச மென்பொருளில் திறந்து துளையின் பரப்பையே நேரடியாக எண்ணிவிடலாம், வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தாலும் கவலையில்லை. பக்கத்திலேயே ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் வைத்து ஸ்கேன் எடுத்தால் ஸ்கேனர் சொல்லும் டி.பி.ஐ. உண்மையா என்பதும் தெரிந்துவிடும்.

கேமராவும் ஒரு கருவிதான்

தண்ணீர் மட்டம் இறங்குவதை செல்போனில் வீடியோ எடுங்கள். கேமரா உள்ளதை உள்ளபடி காட்டும் என்று நம்பிவிட வேண்டாம், அதற்குள்ளும் ஒரு மாடல் இருக்கிறது: இத்தனை பிக்சல் என்றால் இத்தனை மில்லிமீட்டர். ஸ்கேலை டப்பாவுக்கு 15 செ.மீ. பின்னால் சுவரில் ஒட்டிவிட்டு, கேமராவை ஒரு மீட்டரில் வைத்தீர்கள் என்றால் அந்தக் கணக்கு 15 சதவீதத்துக்கு மேலும் தப்பலாம். ஸ்கேலை டப்பாவின் முன்பக்கத்திலேயே ஒட்டி, தண்ணீர் அந்தச் சுவரைத் தொடும் கோட்டைப் படியுங்கள். உள்ளே வைக்காதீர்கள், தண்ணீர் நிறைந்த உருண்டை டப்பா லென்ஸ் மாதிரி வளைத்துக் காட்டும். கேமராவை இரண்டு மூன்று மீட்டர் தள்ளி, தண்ணீர் மட்டத்தின் நடு உயரத்தில், ஸ்டூலோ செங்கல்லோ வைத்து ஆடாமல் நிறுத்துங்கள்.

நேரத்துக்கு ஒரு எச்சரிக்கை. 30 ஃபிரேம் என்று செட்டிங்கில் இருந்தாலும் பல போன்கள் வெளிச்சத்தைப் பொறுத்து ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். ஃபிரேமை எண்ணி நேரம் கண்டுபிடிக்கப் போனால் ஏமாறுவீர்கள். இன்னொரு போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு அதுவும் படத்துக்குள் விழும்படி வைத்துவிட்டால் தீர்ந்தது.

ஒரே துளையில் ஐந்து முறை ஓட்டுங்கள். ஐந்தும் எவ்வளவு சிதறுகின்றன என்பதை அப்படியே எழுதுங்கள். பிடிக்காத ஒன்றைத் தூக்கிப் போட வேண்டுமென்றால், அந்த ஓட்டத்தின்போதே என்ன கோளாறு நடந்தது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். பிறகு யோசித்துக் காரணம் கண்டுபிடிப்பது செல்லாது.

ஒத்துவராதபோது

91 வராது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய 150 வினாடி வரும். பிள்ளைகள் இங்கேதான் பதறுவார்கள், அல்லது சட்டென்று கணக்கில் 0.61 என்று ஒரு எண்ணைச் செருகிச் சரிக்கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள்.

நான் பம்பு டெஸ்ட் பெஞ்சில் சேர்ந்த புதிதில் செய்ததும் இதேதான். மோட்டாரும் பம்பும் ஒரே கட்டாக இருக்கும் ஒரு மோனோபிளாக் பம்பு. நான் கணக்குப் போட்ட ஹெட்டைவிட (பம்பு தண்ணீரை ஏற்றும் உயரம்) பெஞ்சில் வந்த ஹெட் ஒரு மீட்டர் குறைவு. உள்ளே உரசல் நான் நினைத்ததைவிட அதிகம் போலிருக்கிறது என்று அந்த எண்ணைக் கூட்டினேன், நடு டிஸ்சார்ஜில், அதாவது தண்ணீர் ஓட்டத்தின் நடு அளவில், கணக்கும் அளவும் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சந்தோஷமாக ஃபோர்மேன் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கிராஃபைப் பார்க்கவே இல்லை.

"வால்வை முழுசா மூடுனப்ப எவ்வளவுங் தம்பி கொறஞ்சுது?"

"அப்பவும் ஒரு மீட்டருங்ணா."

"தண்ணியே ஓடாதப்ப உரசல் எங்கிருந்துங் வரும்?"

சொல்லிவிட்டு பெஞ்சைப் பார்த்தார். பிரஷர் கேஜைப் படிக்க வசதியாகக் கண் உயரத்தில் மாட்டியிருந்தார்கள், பம்பின் மையத்திலிருந்து ஒரு மீட்டர் மேலே. அந்த உயரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும், நான் கூட்டவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிறகு கணக்குக்கும் அளவுக்கும் வித்தியாசம் வந்தால் எவ்வளவு என்று கேட்பதற்கு முன் அதன் வடிவத்தைப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது. எல்லா இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் கருவியில் ஏதோ பூஜ்யம் நகர்ந்திருக்கிறது அல்லது உயரம் விட்டுப்போயிருக்கிறது. ஓட்டத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது என்றால் உரசலைச் சந்தேகிக்கலாம். எல்லாம் ஒரே விகிதத்தில் தப்புகிறது என்றால் ஏதோ ஒரு பரப்பு, ஒரு அலகு, ஒரு பெருக்கல் எண் தவறு.

டப்பாவுக்கு வருவோம். உயரத்தின் வர்க்கமூலத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். நேர்கோடு வந்தால் டாரிசெல்லியின் இயற்பியல் சரி, சரிவு மட்டும் குறைவாக இருக்கிறது. ஒரே விகிதத்தில் தப்பு. அப்படியானால் பரப்பு. பக்கத்திலிருந்து உற்றுப் பாருங்கள், துளையைத் தாண்டியதும் தண்ணீர்த் தாரை இடுப்பு சிறுத்துப் போகும். ஓரங்களிலிருந்து வளைந்து வருகிற தண்ணீரால் சட்டென்று நேராகத் திரும்ப முடியாது, அதனால் தாரையின் உண்மையான பரப்பு துளையின் பரப்பில் அறுபது சொச்சம் சதவீதம்தான். மெல்லிய தகட்டுத் துளைக்கு 0.61 என்ற எண் அங்கிருந்து வருகிறது. நியூட்டன்கூடத் தன் பெரிய நூலின் முதல் பதிப்பில் இதைக் கோட்டைவிட்டு, 1713-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் திருத்திக்கொண்டார், நாம் 150 வினாடியைப் பார்த்து வெட்கப்பட ஒன்றுமில்லை.

காரணம் தெரிந்தாலும் இன்னும் வேலை முடியவில்லை. 5 மி.மீ. துளையில் உங்களுக்கு வந்த எண்ணை, அது 0.61-ஓ 0.63-ஓ, வைத்துக்கொண்டு 6 மி.மீ. துளைக்கு எத்தனை வினாடி ஆகும் என்று முன்கூட்டியே எழுதுங்கள். 0.61 என்றால் 104 வினாடி அளவு. பிறகு புதுத் தகடு, புது ஸ்கேன், புது ஓட்டம். ஒத்து வந்தால் அது சரிக்கட்டிய எண் இல்லை, தாரையின் குணம். அடுத்து 5 மி.மீ. துளையில் தகட்டுக்குப் பதில் ஒன்றரை செ.மீ. நீளக் குழாய்த் துண்டைச் செருகிப் பாருங்கள், எண் 0.8-க்குப் போகும். தாரை உள்ளே சிறுத்து மறுபடி விரிந்து குழாயை நிரப்பிக்கொள்வதால் இப்படி. மாடல் எங்கே உடையும் என்று நீங்களே தேடிப்போய் உடைத்துப் பார்ப்பது இந்த வேலையில் ருசியான பகுதி, அதை எக்ஸாமினருக்கு விட்டுவைக்காதீர்கள்.

கோட்டின் வால்பகுதியில், உயரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டராகும்போது புள்ளிகள் நேர்கோட்டை விட்டு விலகும். அது நாம் விட்ட பட்டியலில் இருந்த பரப்பு இழுவிசையின் வேலை. மாடலின் எல்லை இதுவரை என்று எழுதிவிட்டு நகருங்கள்.

படமெடுப்பில் ஆராய்ச்சி செய்யப் போகிறவர்களுக்கு

சி.டி. ஸ்கேன் மாதிரி, அளவுகளிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டுகிற வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு தனிப் பள்ளம் உண்டு. 1974-ல் ஷெப், லோகன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் நீள்வட்டங்களால் கட்டிய ஒரு தலைப் படம் இருக்கிறது, இன்றும் புதிய முறைகளைப் பலர் அதில்தான் முதலில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தப் படத்திலிருந்து போலி அளவுகளைத் தயாரிக்கிற புரோகிராமையே திருப்பிப் போட்டுப் படத்தை மீட்டால், பிரமாதமாக வரும். வராமல் எங்கே போகும், கேள்வித்தாளும் விடைத்தாளும் ஒரே கை எழுதியது. அளவுகளைத் தயாரிக்கும்போது வேறு முறையோ, வேறு நெருக்கமான கட்டமோ பயன்படுத்துங்கள், இரைச்சலைக் கலந்துவிடுங்கள், அதற்கப்புறமும் நின்றால் மட்டும் நிஜப் பொருளிடம் போங்கள்.

டப்பாவிலிருந்து தோட்டத்துக்கு

அடுத்த பயிற்சி சொட்டுநீர்க் குழாய். தென்னந்தோப்போ மஞ்சள் காடோ, சொந்தக்காரர் யாரிடமாவது கட்டாயம் இருக்கும். சாதாரணத் துளை வகைச் சொட்டானில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும், டப்பாவில் பார்த்த அதே சங்கதி. குழாயின் கடைசியில் அழுத்தம் 20 சதவீதம் குறைந்தால் ஓட்டம் 10 சதவீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைய வேண்டும். அழுத்தத்தை ஈடுகட்டும் வகைச் சொட்டான் என்றால் ஏறக்குறைய குறையவே கூடாது. எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள், முதல் சொட்டானிலும் கடைசிச் சொட்டானிலும் எவ்வளவு வரும் என்று வீட்டிலேயே எழுதி எடுத்துப் போங்கள், ஆளுக்கொரு தம்ளரும் அளவு ஜாடியும் வைத்துப் பத்து நிமிடம் பிடியுங்கள். லைனில் மாட்ட ஒரு சின்ன கேஜ் கிடைத்தால் கொண்டுபோங்கள், இரண்டு முனையிலும் ஒரே உயரத்தில் பிடித்துப் படியுங்கள். நிலம் சரிவாக இருந்தால் அந்தச் சரிவையும் அளக்க வேண்டும், ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் ஒரு மீட்டர் அழுத்தம் போயிற்று. கிளம்பும் முன் மும்முனைக் கரண்ட் எத்தனை மணிக்கு வரும் என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் காலித் தம்ளரோடு வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.